ஓடூ 14-லிருந்து 17: 41 கஸ்டம் மாட்யூல், கையில் 36 மணி நேரம். எப்படிப் பிளான் பண்றது?

#1 பனியன்சர்வர்
வணக்கம்ங்க. திருப்பூர்ல ஏற்றுமதி பனியன் கம்பெனி. கம்பெனி ஓடுறது ஓடூ 14 கம்யூனிட்டிங்கிற ஈஆர்பி சாஃப்ட்வேர்ல; சர்வர் உபுண்டு 18.04, டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் 10. டேட்டாபேஸ் 62 ஜிபி, ஃபைல்ஸ்டோர் (இணைப்பு ஃபைல்கள்) 210 ஜிபி. ஒரே நேரத்தில 80–85 பேர் உள்ள இருப்பாங்க. கஸ்டம் மாட்யூல் 41: கட்டிங் பண்டில் டிக்கெட் (வெட்டின துணிக் கட்டுக்கான சீட்டு), பீஸ் ரேட் கூலி, நிட்டிங்–சாயப்பட்டறை ஜாப்வொர்க் (வெளிய கொடுத்துச் செய்ற வேலை) டிசி (டெலிவரி சலான்), இ-இன்வாய்ஸ், இன்னும் என்னென்னமோ.

17-க்குப் போகணும். சனிக்கிழமை கூலி போட்டு முடிச்சு ராத்திரி 8 மணிக்கு நிறுத்தலாம். திங்கள் காலை 8-க்கு கட்டிங் டேபிள் ஓடியாகணும். ஓபன்அப்கிரேட் (ஒவ்வொரு வெர்ஷனாத் தாவி டேட்டாவை மாத்துற கருவி) வச்சு ஒருக்கா சும்மா ஓட்டிப் பார்த்தேன். 15→16 கட்டத்துல மட்டும் 11 மணி நேரம் தாண்டியும் முடியல, நிறுத்திட்டேன். எங்க கை வைக்கணும்ங்க?

#2 சுழியன்
நேரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். 41-ல உயிரோட இருக்கிறது எத்தனை? ஓடூவிலேயே குளோக் கட்டளை இருக்கு, மாட்யூல் வாரியா எத்தனை வரி கோடுன்னு சொல்லிடும். அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு கஸ்டம் டேபிள்லயும் கடைசியா ரெக்கார்டு உருவான தேதியை எடுங்க. 2022-க்கு அப்புறம் ஒரு வரி கூட விழாத டேபிள்னா அந்த மாட்யூலை பழைய 14-லேயே அன்இன்ஸ்டால் பண்ணுங்க. டேட்டாவை மட்டும் எக்செல்ல எடுத்து வச்சுடுங்க. 17-க்குத் தூக்கிட்டுப் போய் அங்க அழிக்கிறது மூணு மடங்கு வேலை.

#3 கொங்குநிரல்
சுழியன் சொல்றது சரி. கூடவே ஒண்ணு: மாட்யூல்ல இல்லாம திரையிலேயே டெவலப்பர் மோடு போட்டு மாத்தின வியூ, கைல சேர்த்த எக்ஸ் அண்டர்ஸ்கோர் ஃபீல்டு, சர்வர் ஆக்‌ஷன், ஆட்டோமேட்டட் ஆக்‌ஷன். இதெல்லாம் கிட்ல (கோடு சேமிப்புல) இருக்காது, டேட்டாபேஸ்ல மட்டும்தான் இருக்கும். 41 மாட்யூல்னு எண்ணி வச்சிருப்பீங்க. இதுல ஒரு 200 ஒளிஞ்சிருக்கும். எக்ஸ்டர்னல் ஐடி இல்லாத வியூக்களை ஒரு குவெரில எடுத்துடலாம். முதல் தாவலுக்கு (14→15) முன்னாடி அதையெல்லாம் ஆக்டிவ் இல்லைன்னு மாத்திடுங்க, 17 வந்த பிறகு தேவையானதை மட்டும் மாட்யூலுக்குள்ள எழுதிக்கலாம்.

#4 புதுக்கணக்கு
எதுக்குங்க இவ்வளவு பாடு? ஏப்ரல் 1-க்கு 17-ஐ சுத்தமா நிறுவி, ஓபனிங் பேலன்ஸ், ஓபனிங் ஸ்டாக் போட்டு ஆரம்பிச்சுடலாமே. பழசு பார்வைக்கு மட்டும் ஓடட்டும்.

#5 கணக்கர்_அவினாசி
ட்ரேடிங் கடைக்கு சரி வரும். ஜாப்வொர்க் நடக்கிற இடத்துக்கு வராது. காரணம் சொல்றேன்.

வெளிய அனுப்பின நூலும் துணியும் 1 வருஷத்துக்குள்ள திரும்பி வரணும்னு ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 143 சொல்லுது. வயசை எண்ணுறது அசல் டிசி தேதியிலிருந்து. ஓபனிங் ஸ்டாக்குன்னு ஏப்ரல் 1 தேதியில ஒரே வரியா ஏத்திட்டா அந்தத் தேதி போச்சு. ஐடிசி-04 (ஜாப்வொர்க்குக்கான ஜிஎஸ்டி படிவம்) போடும்போது பழைய சிஸ்டத்தைத் திறந்து கைல தேடணும். அடுத்து கிரெடிட் நோட். போன நிதியாண்டு பில்லுக்கு நவம்பர் 30 வரைக்கும் போடலாம். அசல் இன்வாய்ஸ் புது சிஸ்டத்துல இல்லைன்னா எதோட கோர்ப்பீங்க? மூணாவது, லாட் வாரியான சாய ஷேட். பையர் ஆறு மாசம் கழிச்சு கம்ப்ளெய்ன்ட் பண்ணுவான், அப்ப லாட்டோட முழு வழியும் ஒரே இடத்துல இருக்கணும்.

ஏப்ரல் 1-ங்கிறதே மோசமான நாள். வருஷக் கடைசி ஸ்டாக் எடுக்கிறதும் சிஸ்டம் மாத்துறதும் ஒரே வாரத்துல வச்சா, வித்தியாசம் வந்தா எதனால வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

#6 புதுக்கணக்கு
ஜாப்வொர்க் வயசு நான் யோசிக்கல. வாபஸ்.

#7 சுழியன்
எந்தத் தேதில வைக்கலாம்னா, மாசா மாசம் கட்டுற, தாக்கல் பண்ற கடைசி நாள்: 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்–இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. மாசத்துல 20 தாண்டி வர்ற முதல் சனிக்கிழமைதான் உங்களுக்கு. மாசக் கடைசி சனி வேண்டாம், ஷிப்மென்ட் அடிதடி நடக்கும்.

#8 கொங்குநிரல்
இப்ப 11 மணி நேரக் கதைக்கு வர்றேன்.

15→16-ல நிஜமாவே பெரிய வேலை நடக்குது. மொழிபெயர்ப்பு தனி டேபிள்ல இருந்தது, அது ஒவ்வொரு ஃபீல்டுக்குள்ளயும் ஜேசன்பியா (எல்லா மொழியும் ஒரே இடத்துல) போகுது. அனலிட்டிக் அக்கவுண்ட், டேக் போய் அனலிட்டிக் டிஸ்ட்ரிபியூஷன் வருது. அக்கவுண்ட் டைப் டேபிள் காணாமப் போய் ஒரு செலக்‌ஷன் ஃபீல்டா மாறுது. லாட் மாடலோட பேரே மாறுது. ஆனா 62 ஜிபிக்கு இதுக்கெல்லாம் சேர்த்து 11 மணி ஆகாது. பெரும்பாலும் நடக்கிறது வேற: உங்க கஸ்டம் மாட்யூல்ல ஸ்டோர் பண்ற கம்ப்யூட் ஃபீல்டு (கணக்குப் போட்டு டேபிள்ல சேமிக்கிறது) ஒண்ணு, லட்சக்கணக்கான வரிக்கு ஒண்ணொண்ணா மறுபடி கணக்குப் போட்டுட்டு இருக்கும்.

ஓடூ எப்ப மொத்த டேபிளுக்கும் திரும்பக் கணக்குப் போடும்? அந்த ஃபீல்டோட காலம் (column, நெடுவரிசை) டேபிள்ல இல்லாம, புதுசா உருவாக்கும்போது. காலம் ஏற்கனவே இருந்தா தொடாது. அதனால, போர்ட் பண்ணும்போது யாராவது ஃபீல்டு பேரை 'அழகா' மாத்தியிருந்தா, பழைய காலம் அனாதையா நிக்கும், புதுக் காலம் பிறக்கும், 40 லட்சம் வரிக்கும் பைதான் ஓடும்.

வழி: அந்த மாட்யூலோட மைக்ரேஷன்ஸ் ஃபோல்டர்ல, ப்ரீ ஸ்கிரிப்ட்ல (மாட்யூல் ஏறுறதுக்கு முன்னாடி ஓடுறது), பழைய காலத்தை ரீநேம் பண்ணுங்க. அசலாவே புது ஃபீல்டுன்னா, அதே ப்ரீ ஸ்கிரிப்ட்ல ஆல்டர் டேபிள் போட்டு காலத்தை நீங்களே உருவாக்கி, ஒரே அப்டேட் குவெரில நிரப்பிடுங்க. ஓஆர்எம் (டேபிளைக் கையாளுற ஓடூ பகுதி) வந்து பார்க்கும், காலம் இருக்கு, பேசாமப் போயிடும். போஸ்ட் ஸ்கிரிப்ட்ல எழுதினா வீண், அதுக்குள்ள கணக்குப் போட்டு முடிச்சிருக்கும்.

எந்த ஃபீல்டுன்னு கண்டுபிடிக்க: அப்கிரேட் ஓடும்போது இன்னொரு டெர்மினல்ல பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி (போஸ்ட்கிரெஸ்ல இப்ப ஓடுற குவெரிப் பட்டியல்) பாருங்க. ஒரே செலக்ட் ஐடி மட்டும் மாறி மாறி வந்துட்டே இருந்தா அதுதான் ஆள்.

#9 பனியன்சர்வர்
பார்த்தேன்ங்க. அக்கவுண்ட் மூவ் லைன்ல பையர் ஆர்டர் நம்பர். போர்ட் பண்ணின ஃப்ரீலான்சர் ஃபீல்டு பேரை மாத்தியிருக்காரு. 43 லட்சம் வரி. ரீநேம் போட்டு மறுபடி ஓட்டினதுல 15→16 மொத்தமும் 3 மணி 40 நிமிஷம்.

#10 சுழியன்
நல்லது. இன்னும் குறைக்கலாம். மெயில் மெசேஜ், ட்ராக்கிங் வேல்யூ (எதை யார் மாத்தினாங்கங்கிற வரலாறு) டேபிள் ரெண்டும் எத்தனை ஜிபி? ஆட்டோ நோட்டிஃபிகேஷன் மட்டும் உள்ள பழைய மெசேஜை, ஆடிட்டரைக் கேட்டுட்டு, ரெண்டு வாரம் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுட்டு வேக்கம் ஃபுல் (அழிச்ச இடத்தை மீட்கிறது) ஒரு ராத்திரி போடுங்க. இன்வாய்ஸ், ஜர்னல் மேல உள்ள ட்ராக்கிங்கைத் தொடாதீங்க. கம்பெனிச் சட்டத்துல ஆடிட் ட்ரெய்ல் கேட்பாங்க.

#11 போஸ்ட்கிரெஸ்_பாலக்காடு
ஒரு சந்தேகம். உபுண்டு 18.04-லிருந்து 22.04-க்கு டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி பண்ணிப் போகப் போறீங்களா?

#12 பனியன்சர்வர்
ஆமாங்க, ஆர்சிங்க் (ஃபைல் காப்பி கருவி) போட்டு எடுத்துட்டுப் போய் பிஜி அப்கிரேட் (போஸ்ட்கிரெஸ் வெர்ஷனை மாத்துறது) ஓட்டலாம்னு இருந்தேன். டம்ப்பை விட வேகம்னு சொன்னாங்க.

#13 போஸ்ட்கிரெஸ்_பாலக்காடு
செய்யாதீங்க. ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை லைப்ரரி) 2.28-ல எழுத்து வரிசைப்படுத்துற விதி மாறிடுச்சு. 18.04-ல இருக்கிறது 2.27, 22.04-ல 2.35. பழைய விதிப்படி அடுக்கின இண்டெக்ஸைப் புது விதிப்படி தேடினா, இருக்கிற ரெக்கார்டையே இல்லைம்பான். யூனிக் இண்டெக்ஸ்ல டூப்ளிகேட் உள்ள நுழையும். எரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. அப்படிக் காப்பி பண்ணினா டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇண்டெக்ஸ் பண்ணியே தீரணும். அதுக்கு டம்ப்–ரீஸ்டோரே மேல், இண்டெக்ஸ் புது மெஷின்ல புதுசாக் கட்டப்படும்.

டைரக்டரி ஃபார்மேட்ல 8 ஜாப் போட்டு எடுங்க, எடுக்கிற பிஜி டம்ப் புது வெர்ஷனோடதா இருக்கட்டும். ரீஸ்டோர் மெஷின்ல மெயின்டனன்ஸ் வொர்க் மெம் 2 ஜிபி, மேக்ஸ் வால் சைஸ் 20 ஜிபி. ராத்திரி மட்டும் ஆட்டோவேக்கம் நிறுத்திக்கலாம், காலைல மறக்காமப் போடணும். ரீஸ்டோர் முடிஞ்சதும் அனலைஸ் (டேபிள் புள்ளிவிவரம் எடுக்கிறது), கடைசித் தாவல் முடிஞ்சதும் இன்னொரு அனலைஸ். டம்ப்ல புள்ளிவிவரம் வராதுங்க, ப்ளானர் (குவெரியை எப்படி ஓட்டுறதுன்னு முடிவு பண்றது) குருட்டுத்தனமா முழு டேபிளையும் படிப்பான். "திங்கட்கிழமை புது சாஃப்ட்வேர் ஸ்லோ"ங்கிற புகார்ல பாதி இதுதான்.

ஃபைல்ஸ்டோருக்கு ஆர்சிங்க் தாராளமாப் போடலாம். அதுல ஃபைல் பேரே உள்ளடக்கத்தோட ஹேஷ் (கைரேகை மாதிரி). உள்ளடக்கம் மாறினா வேற பேர்ல வேற ஃபைல். ஒரு வாரம் முன்னாடியே 210 ஜிபியும் அனுப்பிடுங்க, சனி ராத்திரி புதுசு மட்டும் போகும். பத்து நிமிஷ வேலை.

#14 திரைமறை
லாஜிக்கல் ரெப்ளிகேஷன் போட்டு ரெண்டையும் ஒத்திசைச்சு, கடைசி நிமிஷம் மாத்தினா நிறுத்தமே இல்லாமப் போகலாமே?

#15 போஸ்ட்கிரெஸ்_பாலக்காடு
போஸ்ட்கிரெஸ் 10→15 மட்டும்னா ஆகும். இங்க டேபிள் அமைப்பே மாறுது. 14-ல ஸ்டாக் மூவ் லைன்ல இருக்கிற க்யூடிஒய் டன், 17-ல வெறும் குவான்டிட்டி; கூடவே பிக்டுன்னு புதுசா ஒண்ணு. அந்தப் பக்கம் எதுல கொண்டுபோய் எழுதுவான்?

#16 கொங்குநிரல்
அந்தப் பேர் மாற்றம் இன்னொரு இடத்துல கடிக்கும். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வழியா வெளியிலிருந்து பேசுற எல்லாத்தையும் பட்டியல் போடுங்க: துணி எடை மெஷின், பேக்கிங் ஸ்கேனர் ஆப், பையர் போர்ட்டல். அவங்க கோடுல பழைய ஃபீல்டு பேர் இருக்கும். கிட்ல தேடினா கிடைக்காது, ஏன்னா அந்தக் கோடு உங்ககிட்ட இல்ல. என்ஜின்எக்ஸ் (ஓடூ முன்னாடி நிக்கிற வெப் சர்வர்) ஆக்சஸ் லாக்ல எக்ஸ்எம்எல்-ஆர்பிசி பாதைக்கு ஒரு மாசத்துல எந்தெந்த ஐபி வந்திருக்குன்னு எடுங்க. பட்டியல்ல இல்லாத ஒண்ணாவது வரும்.

17-ல கோடு பக்கம் மூணு இடம் முக்கியம். வியூல ஆட்டர்ஸ் (attrs) போச்சு. இன்விசிபிள், ரீட்ஒன்லி, ரெக்வயர்டு மூணும் தனித்தனி எக்ஸ்பிரஷன். மாத்திக் கொடுக்கிற ஸ்கிரிப்ட் இருக்கு, ஆனா இன்ஹெரிட் பண்ணி ஆட்டர்ஸ் முழுசையும் மாத்தி எழுதின இடங்களை கண்ணால பார்க்கணும். ஜாவாஸ்கிரிப்ட் விட்ஜெட் எல்லாம் ஔல்ல (ஓடூவோட திரை ஃப்ரேம்வொர்க்) திரும்ப எழுதணும், அதுக்கு முன்னாடி அது வேணுமான்னு கேளுங்க.

மூணாவதுதான் சத்தமில்லாம அடிக்கும். பைதான் ஃபீல்டுல ரீட்ஒன்லி ட்ரூ போட்டு, ஸ்டேட்ஸ்ல டிராஃப்ட்னா எழுதலாம்னு விட்டிருப்பாங்க. 17 ஸ்டேட்ஸைக் கண்டுக்காது. விளைவு: டிராஃப்ட்லயும் ஃபீல்டு பூட்டிக் கிடக்கும். இன்ஸ்டால் ஆகும், டெஸ்ட் பாஸ் ஆகும், திங்கள் காலைல ஜாப்வொர்க் டிசில ரேட் அடிக்க முடியாது. கோடுல ஸ்டேட்ஸ் ஈக்வல்னு தேடி ஒவ்வொண்ணையும் வியூ பக்கம் கொண்டு போங்க.

#17 கணக்கர்_அவினாசி
ஒத்திகைக்கு லைவ் காப்பி எடுக்கிறீங்கல்ல, அதுல இ-இன்வாய்ஸ் யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே வந்திருக்கும். கவனிச்சீங்களா?

#18 பனியன்சர்வர்
ஸ்டேஜிங்ல (ஒத்திகை மெஷின்ல) க்ரான் (தானா ஓடுற வேலைகள்), மெயில் சர்வர் ரெண்டும் ஆஃப் பண்ணியிருக்கேன். இதை விட்டுட்டேன்.

#19 கணக்கர்_அவினாசி
உடனே மாத்துங்க. ஐஆர்என்ங்கிறது (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) உங்க ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண நம்பர் இதை வச்சு வர்ற ஹேஷ். ஸ்டேஜிங்ல யாரோ சும்மா டெஸ்டுக்கு அடுத்த பில் நம்பரைப் போஸ்ட் பண்ணினா, போர்ட்டல்ல நிஜமாவே பதிவாயிடும். லைவ்ல அதே நம்பர் வரும்போது எரர் 2150, டூப்ளிகேட் ஐஆர்என். 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம், ஆனா கேன்சல் பண்ணின நம்பரைத் திரும்ப உபயோகிக்க முடியாது. பில் வரிசைல ஓட்டை விழும், அதுக்கு விளக்கம் எழுதி வைக்கணும்.

#20 கொங்குநிரல்
16 முதல் ஓடூவிலேயே நியூட்ரலைஸ் (காப்பி வெளிய எதுவும் அனுப்பாம முடக்குற) கட்டளை இருக்கு. ஆனா அதுக்கு உங்க கஸ்டம் மாட்யூல் தெரியாது. ஒவ்வொரு மாட்யூலோட டேட்டா ஃபோல்டர்லயும் நியூட்ரலைஸ்னு ஒரு எஸ்கியூஎல் ஃபைல் வச்சா அதையும் சேர்த்து ஓட்டும். ஜிஎஸ்பி (இ-இன்வாய்ஸ் அனுப்புற இடைநிலை சேவை) சாவியை சாண்ட்பாக்ஸுக்கு (சோதனைத் தளத்துக்கு) மாத்துறது, எஸ்எம்எஸ் கேட்வே, பயோமெட்ரிக் எல்லாம் அதுல எழுதுங்க. 14 காப்பிக்கு அதே ஃபைலை பிஎஸ்கியூஎல்ல கையால ஓட்டிக்கலாம். அதுக்கும் மேல, ஸ்டேஜிங் மெஷின்லிருந்து வெளிய போற ட்ராஃபிக்கையே ஃபயர்வால்ல அடைச்சுடுங்க, சாண்ட்பாக்ஸ் மட்டும் திறந்திருக்கட்டும். சாவியை யாராவது மறுபடி போட்டாலும் வெளிய போகாது.

#21 பனியன்சர்வர்
ரெண்டும் பண்ணிட்டேன். நாலாவது ஒத்திகை நேரம்: டம்ப் 25 நிமிஷம், ரீஸ்டோர் 50, அனலைஸ் 10, 14→15 2 மணி 10, 15→16 3 மணி 40, 16→17 1 மணி 50. மொத்தம் 9 மணி 5 நிமிஷம். சனி ராத்திரி எந்த வரிசைல போகலாம்?

#22 சுழியன்
ஒத்திகை நேரம் கைல இருக்கிற நேரத்துல பாதிக்குள்ள அடங்கணும்ங்கிறது என் கணக்கு. 36-ல 18. நீங்க 9-ல இருக்கீங்க, தாராளம்.

வெள்ளிக்கிழமை மாலையோட கோடு, மாஸ்டர் மாற்றம் எல்லாம் நிறுத்தம். சனி மதியத்துக்குள்ள திங்கள் காலைக்கான பண்டில் டிக்கெட் அச்சடிச்சு கட்டிங்ல கொடுத்துடுங்க. திங்கள் 8 மணிக்குச் சிஸ்டம் இருமினாலும் டேபிள் நிற்காது. ஞாயிறு வண்டி போகுதுன்னா அச்சடிச்ச டிசி புக், தனி வரிசை எண்ணோட. இ-வே பில் நேரா போர்ட்டல்ல போட்டுக்கலாம்.

8:00-க்கு என்ஜின்எக்ஸ்ல மெயின்டனன்ஸ் பக்கம், பிறகு ஓடூ சர்வீஸ் ஸ்டாப். ஸ்டாப் மட்டும் போதாது, சிஸ்டம்டில டிசேபிள் பண்ணுங்க. பழைய மெஷின் ஏதோ காரணத்துக்கு ரீபூட் ஆனா க்ரான் எல்லாம் எழுந்து சப்ளையருக்கெல்லாம் மெயில் போட ஆரம்பிக்கும். அடுத்து ஆர்சிங்க், டம்ப், ரீஸ்டோர். ஒவ்வொரு தாவலும் அதுக்கான தனி கன்டெய்னர்ல: 15, 16, 17. பைதான் வெர்ஷன் வேற வேற, 17-க்கு 3.10 வேணும். ஒவ்வொரு தாவல் முடிஞ்சதும் டிஸ்க் ஸ்னாப்ஷாட். 16→17 விழுந்தா ராத்திரி 8 மணிக்குத் திரும்ப வேண்டியதில்ல, 16-லிருந்து எடுக்கலாம். கட்டளை ஓடும்போது லிமிட் மெமரி ஹார்டை (ஓடூவோட மெமரி வரம்பு) உயர்த்தி வைங்க, பெரிய டேபிள்ல செத்துப் போகும். எல்லாத்தையும் டிமக்ஸ்ல ஓட்டுங்க, வீட்டு நெட் போனா எஸ்எஸ்எச் போகும், அதோட அப்கிரேடும் போகும்.

காலை 6 மணிக்கு 17 எழுந்துடும். க்ரான் எல்லாம் இன்னும் ஆஃப்ல இருக்கட்டும். ஆன் பண்றதுக்கு முன்னாடி அடுத்த ஓட்ட நேரத்தைத் திங்களுக்குத் தள்ளுங்க, இல்லைன்னா தவறவிட்டதை எல்லாம் ஒரே நிமிஷத்துல ஓட்டும்.

#23 கணக்கர்_அவினாசி
சரிபார்ப்பு என் பக்கம். பழசுல எடுத்த எண், புதுசுல எடுத்த எண், ரெண்டும் பைசா சுத்தமாப் பொருந்தணும்: ட்ரையல் பேலன்ஸ் கணக்கு வாரியா, பார்ட்டி வாரியா நிலுவை, லாட், லொகேஷன் வாரியா ஸ்டாக், திரும்பாத ஜாப்வொர்க் டிசி எண்ணிக்கையும் கிலோவும், ஒவ்வொரு ஜர்னல்லயும் கடைசி பில் நம்பர். எஸ்கியூஎல்லா எழுதி வச்சு ஒத்திகையிலேயே ஓட்டிப் பாருங்க. 14 குவெரி 17-ல அப்படியே ஓடாது, அக்கவுண்ட் டைப் இருக்கிற இடம் மாறியிருக்கு.

அப்புறம் ஆளுங்க. ஞாயிறு 10 மணிக்கு ஸ்டோர்ல ஒருத்தர், அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர், கட்டிங்ல ஒருத்தர். அவங்க தினமும் செய்ற வேலையை அவங்களே செய்யணும், ஐடி ஆள் செஞ்சு காட்டக் கூடாது. ஆனா நிஜ டேட்டாபேஸ்ல வேண்டாம். அதோட காப்பியை நியூட்ரலைஸ் பண்ணிக் கொடுங்க. லைவ்ல டெஸ்ட் பில் போட்டு அழிச்சா நம்பர் குழப்பம்.

#24 திரைமறை
எப்ப வரைக்கும் பழசுக்குத் திரும்பலாம்?

#25 சுழியன்
ஞாயிறு மாலை 4 மணி. அதுக்குள்ள கணக்கு பொருந்தலைன்னா பழைய சர்வீஸை எனேபிள் பண்ணிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க, அடுத்த மாசம் பார்க்கலாம். அந்த முடிவை யார் எடுக்கணும்ங்கிறதையும் முன்னாடியே எழுதி வைங்க; ராத்திரி தூங்காத ஆள் எடுக்கக் கூடாது. திங்கள் காலைல முதல் ஐஆர்என் வாங்கிட்டா அதுக்கப்புறம் திரும்புற பேச்சே கிடையாது, 17-லயே சரி பண்ணிக்க வேண்டியதுதான்.

#26 பனியன்சர்வர்
எழுதி எம்டிகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். கடைசியா ஒண்ணு: ஸ்டேஜிங்ல எல்லாம் ஓடுது, ஆனா சாட்டும் நோட்டிஃபிகேஷனும் வரல. லாக்ல வெப்சாக்கெட் பைண்ட் ஆகலைன்னு ஓடிட்டே இருக்கு.

#27 கொங்குநிரல்
என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் பழசை அப்படியே ஒட்டியிருக்கீங்க. 16-லிருந்து லாங்போலிங் பாதை இல்ல. வெப்சாக்கெட்ங்கிற பாதையை 8072-க்கு அனுப்புங்க, அந்த லொகேஷன்ல அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெடர் ரெண்டும் போகணும், எச்டிடிபி 1.1. ஓடூ கான்ஃபிக்லயும் லாங்போலிங் போர்ட்டுக்குப் பதிலா ஜிஇவென்ட் போர்ட்னு எழுதுங்க. அப்படியே ஒரு இன்வாய்ஸ் பிடிஎஃப் எடுத்துப் பாருங்க. ஹெடர், ஃபூட்டர் காணோம்னா உபுண்டு ரெப்போவிலிருந்து டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் போட்டிருக்கீங்க. பேட்ச் பண்ணின க்யூடியோட வர்ற 0.12.6 வேணும்.

#28 பனியன்சர்வர்
வெப்சாக்கெட் சரியாயிடுச்சு. பிடிஎஃப்ல நீங்க சொன்ன மாதிரியே ஹெடர் இல்ல. மாத்திட்டு இருக்கேன்.